சி நிரலில் மேக்ரோக்களுக்கு அடைவு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவில் பக்கத்துப் பொறியியல் மாணவர்கள் சிலர், முப்பந்தல் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி ஒன்றை ஆர்டுயினோ ஊனோ பலகையில் செய்ய முற்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் எழுதும் சி நிரல் சிறியதுதான். ஆனால் அது சேர்த்துக்கொள்ளும், ஊனோவின் ஏவிஆர் வகைச் சிப்புக்கான வரையறைகளைக் கொண்ட ஹெடர் கோப்புகளில் மேக்ரோக்கள், அதாவது ஒரு மதிப்புக்கோ நிரல்துண்டுக்கோ பதிலாக நிற்கும் பெயர்கள், நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒரு பெயரிலிருந்து அதன் வரையறைக்கு நேராகத் தாவுவதற்கு, சிடேக்ஸ் என்ற கருவி தயாரித்துத் தரும் டேக்ஸ் கோப்பு என்ற அடைவு பேருதவி. அதைத் தயாரிப்பதிலும் படிப்பதிலும் நேரும் தவறுகள், வேலை முடியும் தறுவாயில்தான் தலைகாட்டுகின்றன.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, டேக்ஸ் காட்டும் வரியையே மேக்ரோவின் நடப்பு மதிப்பு என்று நம்பிவிடுவது. சிடேக்ஸ் நிரலைக் கம்பைல் செய்வதில்லை, அதாவது சிப்பில் ஓடும் வடிவுக்கு மாற்றுவதில்லை. எந்தப் பெயர் எந்தக் கோப்பில் வரையறுக்கப்பட்டிருக்கிறது என்று மட்டும் குறித்துவைக்கிறது. கடிகார வேகத்தைச் சொல்லும் எஃப்_சிபியு மேக்ரோவைப் பாருங்கள். ஏவிஆர் நூலகத்தையும் அடைவில் சேர்த்திருந்தால், தாவல் டிலே.ஹெச் கோப்பில் 1000000 என்ற வரியில் போய் நிற்கும். ஊனோவோ 16 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. டிலே.ஹெச் வரி, அந்த மேக்ரோவை வேறு யாரும் வரையறுக்காதபோது மட்டுமே செல்லுபடியாகும் #இஃப்என்டெஃப் கிளைக்குள் இருக்கிறது. உண்மையான மதிப்பை ஆர்டுயினோ மென்பொருள் கம்பைலருக்குக் கட்டளை வரியிலேயே கொடுத்துவிடுவதால், அதற்கு எந்த சி கோப்பிலும் வரி கிடையாது. 1 மெகாஹெர்ட்ஸ் என்று எண்ணி டைமருக்கான எண்ணைக் கையால் கணக்கிட்டுப் போட்டால், ஒரு நொடி என்று நினைத்த நேரம் பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கி, ஆரல்வாய்மொழிக் கணவாயின் ஆடிக் காற்றுகூடத் தென்றலாகப் பதிவாகும்.

மதிப்பை அறியக் கம்பைலரையே கேட்க வேண்டும். ஏவிஆர் சிப்புகளுக்கான கம்பைலரான ஏவிஆர் ஜிசிசி-க்கு ‘-ஈ’, ‘-டிஎம்’ என்ற விருப்பங்களைக் கொடுத்தால், கோப்பின் முடிவில் நடப்பிலிருக்கும் எல்லா மேக்ரோக்களையும் பட்டியலிடும். சிப்பின் பெயரும், கட்டளை வரியில் தரும் வரையறைகளும் நிரலைச் சிப்புக்காக உருவாக்கும் உண்மையான பில்டில் இருப்பவையாகவே இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பட்டியலும் வழிதவறச் செய்யும். எந்த வரியில் வரையறுத்து எங்கே நீக்கினார்கள் என்றும் தெரிய வேண்டுமானால் ‘-டிஎம்’ போதாது, ‘-டிடி’ வேண்டும்.

நூலகத்தின் ஹெடர் கோப்புறை முழுவதையும் டேக்ஸில் கொட்டுவது அடுத்த தவறு. அங்கே ஒவ்வொரு சிப்புக்கும் தனிக் கோப்பு உண்டு. சிப்பின் முனைகளை இயக்கும் போர்ட்பி போன்ற பெயர் அவற்றில் பெரும்பாலானவற்றில் திரும்பத் திரும்ப வரும். விம் எடிட்டரில் கண்ட்ரோலோடு ] விசையை அழுத்தினால் பொருந்தும் முதல் இடத்துக்குத் தாவிவிடும், அது நம் சிப்பின் கோப்பாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஜிசிசி-யின் ‘-எம்’ விருப்பம் நம் நிரல் உண்மையில் தொடும் கோப்புகளின் பெயர்களைத் தரும். அவற்றை மட்டும் வரிக்கு ஒன்றாக எழுதி, ‘-எல்’ விருப்பத்தின் மூலம் சிடேக்ஸுக்குக் கொடுத்தால் குழப்பம் பெருமளவு குறையும்.

கோப்புகளில் சொல் தேடும் கிரெப் கருவியில் தேடுபவர்கள் # குறிக்கும் டிஃபைனுக்கும் இடையே இடைவெளி இருக்கலாம் என்பதை மறந்துவிடக் கூடாது. மேலே சொன்ன டிலே.ஹெச் வரியே அப்படி இடைவெளியோடுதான் எழுதப்பட்டிருக்கிறது.

மேக்ரோவே உருவாக்கும் பெயர்களைத் தேடும்போது இன்னொரு சிக்கல் வரும். டைமர் நிரலை இடைமறிக்கும் இன்டரப்டுக்கு நாம் ஐஎஸ்ஆர் என்ற மேக்ரோவுக்குள் டைமர்1_காம்பஏ_வெக்ட் என்று எழுதுகிறோம். ஊனோவின் ஏடிமெகா328பி சிப்பில், ## என்ற ஒட்டுக்குறியால் அது __வெக்டர்_11 என்ற ஃபங்ஷன் ஆகிறது. கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்கர் காட்டும் அந்தப் பெயரை நிரலில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. சிடேக்ஸோ, எழுதிய இன்டரப்டுகளையெல்லாம் ‘ஐஎஸ்ஆர்’ என்ற ஒரே பெயரில் அடுக்கிவைக்கும். சிடேக்ஸின் இன்றைய வடிவமான யுனிவர்சல் சிடேக்ஸில் ‘-டி’ விருப்பத்தால் ஐஎஸ்ஆர் மேக்ரோவின் விரிவைச் சொல்லிக்கொடுத்தால், ஒவ்வொன்றும் தன் பெயரில் பதிவாகும். அதன் முன்னோடியான, 2009-இல் வந்த 5.8 பதிப்போடு நின்றுபோன எக்ஸூபரன்ட் சிடேக்ஸை இன்னும் வைத்திருப்பவர்கள் மாறிக்கொள்வது நல்லது.

எடிட்டருக்குப் பின்னால் ஓடி நிரலை அலசும் கிளாங்டி கருவியைப் பயன்படுத்துவோருக்கு நேர்மாறான எச்சரிக்கை தேவை. அது பில்ட் கட்டளைகளைப் படித்து, நடப்பிலுள்ள கிளையை மட்டுமே அடைவில் சேர்க்கும். ஆகவே அது காட்டாத வரையறையைப் பயனற்றதென்று அழிப்பதற்கு முன், வேறொரு பலகைக்கான கிளையில் அது தேவைப்படுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.