ஸ்கேனர் ஒரே மாதிரி படம் தர என்ன செய்யலாம்

மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட வீடுகளில் தகரப் பெட்டிக்குள் கிடக்கும் சூராட் பெரானாக் (பிறப்புப் பத்திரம்), சம்பளச் சீட்டு, கோயில் கணக்கு நோட்டு எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைக்க நிறையப் பேர் கிளம்பியிருக்கிறீர்கள், நல்ல காரியம். ஆனால் ஒரே நோட்டில் ஒரு பக்கம் மஞ்சளாகவும் அடுத்த பக்கம் வெளிறியும் வந்தால் ஸ்கேனரைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் அது மென்பொருள் செய்யும் வேலை, ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்து வெளிச்சத்தையும் நிறத்தையும் தன் இஷ்டத்துக்கு மாற்றிவிடும்.

முதலில் அதை அடக்குங்கள். ஆட்டோ எக்ஸ்போஷர், நிறம் மீட்பு, தூசி நீக்கம், ஷார்ப்பனிங், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அந்த செட்டிங்கை ஒரு பெயர் கொடுத்துச் சேமித்து, இனி எப்போதும் அதையே எடுங்கள். படம் கொஞ்சம் மந்தமாகத் தெரியும், தெரியட்டும், பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

அடுத்தது கண்ணாடி. நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்க அதிக நாள் ஆகாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடையுங்கள், கண்ணாடி மேல் நேராக அடித்தால் ஓரம் வழியாக உள்ளே இறங்கிவிடும். தாளைத் தானாக இழுக்கும் வகை என்றால் அதிலுள்ள ஒடுக்கமான கண்ணாடிப் பட்டையைத் தனியாகப் பாருங்கள், அங்கே ஒரே ஒரு துகள் ஒட்டியிருந்தாலும் பக்கம் முழுக்க நீளக் கோடு விழும். துடைத்த பிறகு ஒரு சுத்தமான வெள்ளை ஏ4 தாளை ஸ்கேன் செய்து கான்ட்ராஸ்டை நன்றாக ஏற்றிப் பார்த்தால் கோடு, கறை, ஓரத்து இருட்டு எல்லாம் வெளிவந்துவிடும். எவ்வளவு துடைத்தும் கோடு அதே இடத்தில் நின்றால் தூசி உள்ளே இருக்கிறது, திறக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பழைய குழல்விளக்கு ஸ்கேனரை வேலைக்கு முன் பத்துப் பதினைந்து நிமிடம் சூடாக விடுங்கள். எல்இடிக்கு அந்தக் காத்திருப்பு அநேகமாகத் தேவையில்லை.

இனி முக்கியமானது. தராசுக்குப் படிக்கல் மாதிரி ஸ்கேனருக்கு ஓர் அளவு அட்டை வேண்டும். வெள்ளையிலிருந்து கறுப்பு வரை கட்டம் கட்டமாகப் போகும் சாம்பல் படிநிலை அட்டை போதும், போட்டோவும் இருக்கிறதென்றால் ஐடி8 வண்ண அட்டை வாங்குங்கள், அதோடு வரும் அளவுக் கோப்பை வைத்து ஆர்கில் சிஎம்எஸ் என்ற இலவச மென்பொருளில் உங்கள் ஸ்கேனருக்கென்றே ஐசிசி புரொஃபைல், அதாவது அதன் நிறப் பிசகைத் திருத்த உதவும் கோப்பு, செய்யலாம். வீட்டு பிரிண்டரில் அச்சடித்த அட்டை உதவாது. ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும் முன் அட்டையை ஸ்கேன் செய்து, கிம்ப் என்ற இலவசப் பட மென்பொருளில் நிறம் எடுக்கும் கருவியால் எண்களைப் பாருங்கள்: வெள்ளைக் கட்டம் உச்ச எண்ணான 255-ஐ முட்டக்கூடாது, கறுப்பு 0-வில் விழக்கூடாது, சாம்பலில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஏறக்குறைய ஒரே எண்ணாக இருக்க வேண்டும். முதல் நாள் எண்களை எழுதி ஒட்டிவையுங்கள். அவை நகர்ந்திருந்தால் பக்கங்களைத் தொடாமல் முதலில் காரணத்தைத் தேடுங்கள். அட்டையை உறையில் போட்டு இருட்டில் வையுங்கள், வெயில் பட்டால் வெளுத்துவிடும்.

பின்பக்க எழுத்து தெரியும் மெல்லிய தாள் என்றால் பின்னால் ஒரு கறுப்பு அட்டை வையுங்கள். எழுத்துக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற அளவு) போதும், போட்டோவுக்கு 600. மூலத்தை டிஃப் (TIFF) கோப்பாக வைத்துக்கொண்டு, வாட்ஸ்அப்பில் அனுப்ப மட்டும் அதிலிருந்து சிறிய ஜேபெக் (JPEG) எடுங்கள். மென்பொருளைப் புதுப்பித்தாலோ வேறு ஸ்கேனருக்கு மாறினாலோ அட்டை வேலையை மறுபடி முதலிலிருந்து செய்யுங்கள், பழைய புரொஃபைலை அப்படியே ஏற்றாதீர்கள்.