இருட்டில் கைத்துப்பாக்கி: குறியும் வெளிச்சமும்

காட்பாடிக்கு அப்பால் தோட்டத்து வீடுகளில், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் பெற்றுக் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்கள், அதில் எதைப் பொருத்துவது என்று யோசிக்கும் முன்பே, கையில் பிடிக்கும் நல்ல டார்ச் ஒன்றை வாங்கிவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. துப்பாக்கியில் பொருத்திய விளக்கை மட்டும் நம்பினால், மின்வெட்டு நேரத்தில் கொல்லைக் கதவருகே நிற்பவர் பால்காரரா திருடரா என்று பார்ப்பதற்கே குழல்முனையை அவர்மீது நீட்ட நேரிடும். அது எவ்வளவு பெரிய ஆபத்து! டார்ச்சைச் சுண்ணாம்புச் சுவரில் நேராக அடித்தால் நம் கண்ணே கூசும். கூரையை நோக்கி அடித்தால் அறை முழுவதும் தெரியும்.

குறிபார்க்கும் முனையில் ஃபைபர் ஆப்டிக் எனும், ஒளியைக் கடத்தும் மெல்லிய இழை இருந்தால், சுற்றிலும் வெளிச்சம் உள்ளபோதுதான் மின்னும். டிரிட்டியம் என்னும் கதிரியக்க வாயு அடைத்த குறி கும்மிருட்டிலும் தானே ஒளிரும் என்றாலும், ஏறத்தாழ 12 ஆண்டுகளில் அதன் ஒளி பாதியாகிவிடுவதால், தயாரித்த ஆண்டைப் பார்த்தே வாங்க வேண்டும்.