எங்கே கேட்டாலும் ஒரே பதில்

பத்தமடைப் பாய்க்கு வாட்ஸ்அப்பில் ஒரு விலை, இன்ஸ்டாகிராமில் இன்னொரு விலை சொன்னால் வாங்க வந்தவர் நகர்ந்துவிடுவார். விலை, கூரியர் செலவு, கல்யாணப் பாயில் மணமக்கள் பெயர் நெய்து தர ஆகும் நாட்கள் எல்லாவற்றையும் முதலில் ஒரே கூகுள் ஷீட்டில் எழுதுங்கள். அந்தப் பதில்களை வாட்ஸ்அப் பிசினஸில் ‘குயிக் ரிப்ளை’யாகச் சேமியுங்கள், 50 வரை வைக்கலாம். ‘/’ போட்டுச் சுருக்கச் சொல்லைத் தட்டினால் முழுப் பதிலும் வந்து நிற்கும். இன்ஸ்டாகிராம் பிசினஸ் கணக்கிலும் இந்த வசதி உண்டு, அதே வாசகத்தை ஒட்டுங்கள்.

விலை மாறினால் ஷீட்டைத் திருத்திவிட்டுத்தான் மற்ற இடங்கள். கூகுள் மேப்பில் போட்ட கடை நேரத்தையும் பாருங்கள். பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்தவர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பக் கூடாது. திருத்தும் பொறுப்பு ஒருவரிடமே இருக்கட்டும்.