குழந்தைகளும் செல்லப்பிராணிகளும் உள்ள வீட்டை விற்பனைக்குத் தயார் செய்யும் முறை

ஆளில்லாத வீட்டை ஒருமுறை சுத்தம் செய்து பூட்டிவிட்டால், வாங்க விரும்புவோர் வந்து பார்க்கும்வரை அது அப்படியே இருக்கும். குழந்தைகளும் நாயோ பூனையோ வளையவரும் வீட்டில் காலையில் துடைத்த தரை மாலைக்குள் அழுக்காகிவிடும். எனவே, எந்நேரமும் பளபளக்கும் வீட்டுக்கு ஆசைப்படாமல், ஒருவர் பார்க்க வருவதாகத் தகவல் கிடைத்தால் அரைமணி நேரத்தில் காட்டத்தக்க நிலைக்குக் கொண்டுவரக்கூடிய வீட்டை உருவாக்குவதே நடைமுறைக்கு ஒத்துவரும். அதற்கான வேலைகளைக் கீழ்க்காணும் வரிசையிலேயே செய்யுங்கள்.

படி 1: வாடையைக் கண்டுபிடித்து நீக்குதல்

பெயிண்ட் அடிப்பதற்கும் பொருள்களை ஒதுக்குவதற்கும் முன்பாகவே இதைச் செய்தாக வேண்டும். நாள்தோறும் நுகரும் வாடைக்கு நமது மூக்கு பழகிவிடுவதால், வீட்டில் குடியிருப்பவருக்கு அது தெரியாது. புதிதாக நுழைபவருக்கோ வாசற்படியிலேயே தெரிந்துவிடும். செல்லப்பிராணி வளர்க்காத நண்பர் ஒருவரை அழைத்து, ஒவ்வோர் அறையாக நடந்து பார்த்து எங்கே வாடை கூடுகிறது என்று சொல்லச் சொல்லுங்கள். உங்கள் மனம் நோகுமே என்று அவர் மழுப்பினால், வற்புறுத்தியாவது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சிறுநீர்க் கறைகளே பெரும்பாலும் இதற்குக் காரணம். விளக்குகளை அணைத்துவிட்டுப் புறஊதா டார்ச்சைத் தரையிலும் சுவரின் அடிப்பகுதியிலும் சோபாவின் கால்களிலும் காட்டினால், பகலில் கண்ணுக்குப் படாத பழைய கறைகள் மங்கலாக ஒளிரும். அந்த இடங்களைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். பூனையின் சிறுநீரிலுள்ள யூரிக் அமிலம் தண்ணீரில் எளிதில் கரையாத படிகங்களாகத் தங்கிவிடுவதால், சோப்புநீரால் கழுவிய பிறகும் ஈரப்பதம் கூடும் நாள்களில் வாடை மீண்டும் எழும். அதனால், செல்லப்பிராணிக் கறைகளுக்கென்றே விற்கப்படும் என்சைம் கிளீனரை (கறையைச் சிதைக்கும் நொதிகள் கலந்த திரவம்) பயன்படுத்துங்கள். கறை ஊறிய ஆழம்வரை கிளீனரும் ஊறும்படி தாராளமாக ஊற்றி, லேபிளில் குறிப்பிட்ட நேரம் விட்டு, பிறகு தானாக உலரவிட வேண்டும். அவசரப்பட்டு உடனே துடைத்துவிட்டால் பலன் இராது.

இங்கே மூன்று எச்சரிக்கைகள் அவசியம். அமோனியா கலந்த கிளீனர்களின் நெடி சிறுநீரை ஒத்திருப்பதால், பிராணி அதே இடத்திற்குத் திரும்ப வரக்கூடும். அமோனியாவையோ சிறுநீரையோ பிளீச்சுடன் கலந்தால் நச்சுவாயு உருவாகும் என்பதால் கறையின் மேல் பிளீச்சை ஊற்றாதீர்கள். வாடையை மறைக்க நறுமண எண்ணெய்களை ஆவியாக்குவதும் தவறு; தேயிலைமர எண்ணெய் உள்ளிட்ட பலவற்றைப் பூனையின் கல்லீரலால் எளிதில் வெளியேற்ற முடியாது. மேலும், தூக்கலான நறுமணம் வந்தால், எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் பார்ப்பவர் நினைப்பார்.

படி 2: சுவரும் கதவும்

சுவரில் கிரேயான் கிறுக்கல்கள் இருந்தால், ஈரத்துணியில் சிறிது சமையல் சோடாவைத் தொட்டு, மறைவான ஓர் இடத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு மெதுவாகத் தேயுங்கள். ஸ்கெட்ச் பேனாவின் மை அப்படிப் போகாது. கறைதடுக்கும் பிரைமர் அடித்தபின் பெயிண்ட் பூசினால்தான் அது மேலே கசியாமலிருக்கும். கதவின் அடிப்பகுதியில் உள்ள நகக்கீறல்களை வுட் பட்டியால் நிரப்பி, உலர்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்துப் பூசலாம். ஆனால், பழைய வீடுகளின் பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். அந்தத் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்பதால், பரிசோதிக்காமல் உப்புத்தாளைக் கையில் எடுக்காதீர்கள்.

படி 3: பொருள்களைக் குறைத்தல்

இதில் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீடு விற்கப்படுவதை அவர்கள் பிறர் வாயிலாகக் கேட்க நேரக்கூடாது. ஆளுக்கொரு பெட்டியைக் கொடுத்து, புதிய வீட்டிற்கு எடுத்துச்செல்ல விரும்பும் பொம்மைகளை அவர்களே வைத்து, பெட்டியின் மேல் பெயரெழுதச் சொல்லுங்கள். தினமும் கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மையை மட்டும் எக்காரணம் கொண்டும் மூட்டை கட்டிவிடாதீர்கள். அதன் அருமை பிள்ளைக்குத்தான் தெரியும். வெளியே இருப்பவை ஒரு மூடிபோட்ட கூடைக்குள் அடங்கினால் போதுமானது.

பூனை கழிப்பிடமாகப் பயன்படுத்தும் மணல்தட்டு கூடத்தில் இருந்தால், அதை ஒரே நாளில் வேறு அறைக்கு மாற்றாமல் நாளுக்குச் சிறிது தூரமாக நகர்த்துங்கள். திடீரென்று இடம் மாறினால் பூனை பழைய மூலையிலேயே சிறுநீர் கழிக்கலாம். முதல் படியில் பட்ட பாடு முழுவதும் வீணாகிவிடும்.

படி 4: புகைப்படங்கள்

பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். அவர்களின் பெயர், பள்ளிச் சான்றிதழ், சீருடை, குடும்பப் படங்கள் ஆகியவை எதிலும் தெரியக்கூடாது. இணையத்தில் ஏறிய படத்தை யார் வேண்டுமானாலும் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

படி 5: அரைமணி நேர ஒத்திகை

முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டும் என்று தரகரிடம் கண்டிப்பாகக் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தை தூங்கும் நேரத்தில் யாரும் வராதபடி பார்த்துக்கொள்வதற்கும் உங்களுக்கு உரிமை உண்டு. தகவல் வந்ததும் யார் எதைச் செய்வது என்பதை முன்பே பிரித்துக்கொடுத்து, ஒரு விடுமுறை நாளில் பழகிப்பாருங்கள். சிறுவர்கள் பொம்மைகளைக் கூடையில் போடலாம், உணவுக் கிண்ணங்களை எடுத்துவைக்கலாம். பெரியவர்கள் மணல்தட்டைச் சுத்தம் செய்து, குப்பையை வெளியேற்றி, சன்னல்களைத் திறந்து, சோபாவில் ஒட்டிய முடியை ஈரமான ரப்பர் கையுறையால் வழித்தெடுக்கலாம். மருந்து, நகை, சாவி, ஆவணங்கள் ஆகியவற்றைப் பூட்டிவைக்கும் பொறுப்பு ஒருவரிடமே இருக்கட்டும்.

படி 6: வீடு பார்க்கும் வேளையில்

எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும் அறிமுகமற்றவர்கள் அறை அறையாக நடப்பதைக் கண்டால் பதற்றமடையும். வருபவர்களில் அஞ்சுவோரும் ஒவ்வாமை உள்ளோரும் இருக்கலாம். ஆகவே, நாயை வெளியே அழைத்துச்சென்றுவிடுங்கள். பூனையைக் கூண்டுப்பையில் வைத்து உடன்கொண்டு செல்வதே பாதுகாப்பு. முடியாவிட்டால், ஓர் அறையில் வைத்துக் கதவில் அறிவிப்பு ஒட்டி, தரகரிடம் நேரிலும் சொல்லுங்கள். கூண்டுப்பை சில நாள்கள் முன்பிருந்தே வீட்டில் திறந்து கிடந்தால், பூனை அதற்குள் செல்லத் தயங்காது. திரும்பி வந்ததும் வாசற்கதவும் சன்னல்களும் மூடியிருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பூனையை வெளியே விடுங்கள்.