கியூபெக் ப்ராக் ராக்: எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்?

ப்ராக் ராக் என்றால் ப்ரோகிரசிவ் ராக்: நீளமான, சிக்கலான அமைப்புள்ள ராக் இசை. கியூபெக் கனடாவில் பிரெஞ்சு பேசும் மாகாணம்; பிரெஞ்சு தெரியாதே என்று தயங்க வேண்டாம். முதலில் ஹார்மோனியம் குழுவின் 1975 ஆல்பத்தைத் தேடுங்கள். பெயர் நீளமானது; 'நமக்கு ஐந்தாவது பருவம் ஒன்று தேவைப்பட்டால்' என்று பொருள். நான்கு பருவங்களுக்கு நான்கு பாட்டு, இல்லாத ஐந்தாவதற்கு ஒன்று. அந்தக் கடைசிப் பாட்டில் வார்த்தையே கிடையாது. பதினேழு நிமிடம் புல்லாங்குழல், மெல்லோட்ரான் (நாடாவில் பதிந்த ஒலிகளை எழுப்பும் கீபோர்டு), சொல்லில்லாத ஒரு குரல். ஆல்பம் முழுக்க டிரம்ஸ் இல்லை என்பது எனக்கு மூன்றாவது முறை கேட்டபோதுதான் உறைத்தது! இரவில் ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

அது பிடித்துவிட்டால் அதே குழுவின் 'லெப்தாத்' (1976). இரட்டை ஆல்பம், ஆர்கெஸ்ட்ராவோடு. கொஞ்சம் கனமானது, ஒரே மூச்சில் கேட்க வேண்டாம். 2016இல் புதுப்பித்து வந்த 'எக்ஸ்எல்' பதிப்பு கிடைத்தால் அதையே எடுங்கள்.

பாட்டைவிடக் கருவி வாசிப்புதான் முக்கியம் என்பவர்களுக்கு மனேஜ் குழுவின் 'லே போர்ஷ்' (1975). சைலஃபோனும் புல்லாங்குழலும் ஓடிப்பிடித்து விளையாடும்.

ஜாஸ் கலந்த வேகம் வேண்டுமா? ஸ்லோஷ் குழுவின் 'ஸ்டாடகோனே' (1976). கியூபெக் நகரம் இருக்கும் இடத்தில் முன்பு இருந்த பூர்வகுடி ஊரின் பெயர் அது. ஸ்லோஷ் என்றால் தெருவில் உருகிக் கிடக்கும் சேற்றுப்பனி. குழுவுக்கு இப்படியும் பெயர் வைப்பார்கள்.

அப்புறம் போலன் குழு 1976இல் தன் பெயரிலேயே வெளியிட்ட ஆல்பம். தேடும்போது குழுவின் பெயரோடு ஆண்டையும் சேர்த்துத் தட்டுங்கள், இல்லாவிட்டால் வேறு ஏதாவது வந்து நிற்கும்.