பல நாடுகளின் கொள்ளைநோய் ஆயத்தப் பணி: எங்கே தொடங்குவது, எது வழுக்கும்

மூன்று நான்கு நாடுகளின் கொள்ளைநோய் ஆயத்தப் பணி கைக்கு வந்ததும், ஏதாவது ஒரு தலைநகரத்தில் பெரிய கூட்டத்துக்கு நாள் குறிப்பதுதான் பலரும் செய்யும் முதல் வேலை. அதைத் தள்ளிப் போடுங்கள். கூட்டத்தில் ஒவ்வொரு நாடும் தன் திட்ட ஆவணத்தைத் திரையில் காட்டும். எல்லா ஆவணமும் நன்றாகவே இருக்கும். எது ஓடுகிறது, எது நின்றுகிடக்கிறது என்பது அதில் தெரியாது. ஒவ்வொரு நாட்டிலும் கடைசியாக நடந்த மூன்று நோய்ப் பரவல்களின் கோப்புகளைக் கேளுங்கள். ஒன்று நன்றாகச் சமாளித்தது, ஒன்று கைமீறிப் போனது. மூன்றாவது கால்நடையிலிருந்து மனிதருக்கு வந்ததாக இருந்தால் நல்லது. கால்நடைத் துறையும் சுகாதாரத் துறையும் பேசிக்கொள்கின்றனவா என்பது அந்தக் கோப்பிலேயே தெரிந்துவிடும்.

நான்கு தேதிகள்

கோப்பு வந்ததும் 7-1-7 அளவுகோலை வைத்துப் பாருங்கள். 2021இல் முன்வைக்கப்பட்டது இது. பரவல் தொடங்கி 7 நாளுக்குள் கண்டறிய வேண்டும். கண்டறிந்த 1 நாளுக்குள் நடவடிக்கை எடுக்கும் பொறுப்புள்ள சுகாதார அதிகாரிக்குத் தகவல் போக வேண்டும். அடுத்த 7 நாளுக்குள் முதற்கட்ட நடவடிக்கைகள் முடிந்திருக்க வேண்டும். பிரேசில், எத்தியோப்பியா, லைபீரியா, நைஜீரியா, உகாண்டா ஆகிய ஐந்து நாடுகளில் 2018 முதல் 2022 வரை நடந்த 41 நிகழ்வுகளை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தபோது, மூன்று இலக்கையும் எட்டியவை 11தான். எனவே உங்கள் நாடுகளின் கணக்கு மோசமாக வந்தால் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். ஏற்றினால் அடுத்த முறை கோப்பே வராது.

குறிக்க வேண்டிய தேதிகள் நான்கு: தொடங்கியது, கண்டறிந்தது, தெரிவித்தது, முதற்கட்ட நடவடிக்கை முடிந்தது. எளிமையாகத் தெரிந்தாலும் பிழை மலிவது இங்கேதான்.

“கண்டறிந்த தேதி” என்று கேட்டால் ஆய்வக முடிவு வந்த தேதியை எழுதித் தருவார்கள். அது தவறு. நிகழ்வு முதன்முதலில் எங்கேயாவது பதிவான நாள்தான் வேண்டும். சுகாதார நிலையப் பதிவேட்டில் செவிலியர் எழுதிய குறிப்பு, கிராமத் தன்னார்வலர் மாவட்டத்துக்கு அழைத்த அழைப்பு, எதுவானாலும் சரி. தொடக்கத் தேதி பின்னோக்கி நகர்ந்துகொண்டே போகும். அந்த ஊரில் இல்லாத நோய் என்றால், முதல் நோயாளிக்கு அறிகுறி தோன்றிய நாள். எப்போதும் இருக்கும் நோய் என்றால், வழக்கமான எண்ணிக்கையைத் தாண்டி முன்பே வகுத்த வரம்பைத் தொட்ட நாள். உகாண்டா 2022 செப்டம்பர் 20 அன்று எபோலாவை அறிவித்தது. ஆனால் உறுதியான முதல் நோயாளிக்கு முன்பே ஊருக்குள் மரணங்கள் நடந்திருந்தது விசாரணையில் தெரியவந்தது. அறிவிப்புத் தேதியிலிருந்து எண்ணத் தொடங்கினால் கணக்கு அழகாக வரும், உண்மை தொலைந்துவிடும்.

நான்காவது தேதிக்கு ஏழு வேலைகள் முடிந்திருக்க வேண்டும்: விசாரணைக் குழு கிளம்புவது, பரவலின் அளவையும் ஆபத்தையும் கணிப்பது, ஆய்வகம் நோயை உறுதிசெய்வது, சிகிச்சையும் மருத்துவமனைத் தொற்றுத் தடுப்பும், ஊருக்குள் தடுப்பு நடவடிக்கை, மக்களிடம் பேசுவது, ஒருங்கிணைப்புக் குழு. இவற்றில் கடைசியாக முடிந்தது எதுவோ அதன் தேதிதான் கணக்கு.

தாமதம் கிடைத்த இடத்தில் ‘ஏன்’ என்று கேட்டுக்கொண்டே போங்கள். மாதிரி ஏன் ஐந்து நாள் கிடந்தது? வண்டி இல்லை. ஏன்? வண்டி நிற்கிறது, டீசலுக்குப் பணமில்லை. ஏன்? அந்தத் தொகைக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரம் மாவட்டத்தில் யாருக்கும் இல்லை. இந்த இடத்தில் நிறுத்துங்கள். “ஆய்வகத் திறனை மேம்படுத்த வேண்டும்” என்று எழுதினால் உபகரணம் வாங்குவார்கள். இங்கே தேவைப்படுவதோ நிதித் துறையின் ஓர் உத்தரவு.

ஒரு நாட்டின் ஆயத்த நிலையை அந்த நாட்டாரும் வெளி வல்லுநர்களும் சேர்ந்து எடைபோடும் ‘கூட்டு வெளி மதிப்பீட்டின்’ மதிப்பெண்களையும் பாருங்கள், ஆனால் அதிலேயே மூழ்கிவிடாதீர்கள். 2022இல் வந்த மூன்றாம் பதிப்பில் 19 துறைகள், 56 குறியீடுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். வாயிலில் வைத்த அறிவிப்புப் பலகை மாதிரி அது. வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று அறிய நான்கு தேதிகள்தான் உதவும்.

தொலைபேசி அடிக்கிறதா?

சர்வதேச சுகாதார விதிமுறைகள் 2007 ஜூன் 15 முதல் நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி ஒவ்வொரு நாட்டிலும் 24 மணி நேரமும் கிடைக்கக்கூடிய தேசியத் தொடர்பு மையம் இருக்க வேண்டும். அவசர நிகழ்வு பற்றித் தேசிய அளவுக்குத் தகவல் வந்தால் 48 மணி நேரத்துக்குள் மதிப்பிட வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டியதுதான் என்று முடிவானால் அடுத்த 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். மதிப்பிட நான்கு கேள்விகள்: பாதிப்பு கடுமையானதா, வழக்கத்துக்கு மாறானதா, எல்லை தாண்டும் ஆபத்து உண்டா, பயணத்துக்கோ வர்த்தகத்துக்கோ தடை வரக்கூடுமா? இரண்டுக்கு ‘ஆம்’ என்றால் தெரிவித்தாக வேண்டும். பெரியம்மை, இயற்கை வகைப் போலியோ வைரஸ், மனிதரிடம் புதிய வகை இன்ஃப்ளூயன்சா, சார்ஸ் ஆகிய நான்குக்குக் கேள்வியே தேவையில்லை. ஒரே ஒரு நோயாளி போதும்.

சோதிப்பது சுலபம். முன்னறிவிப்பின்றி, விடுமுறை நாளில் இரவு 10 மணிக்கு மேல் அந்த எண்ணுக்கு அழையுங்கள். முதலிலேயே “இது ஒத்திகை” என்று சொல்லிவிடுங்கள். எத்தனை நிமிடத்தில் மனிதக் குரல் கேட்டது, அவருக்கு மேலதிகாரியை எழுப்பும் உரிமை உண்டா என்று இரண்டை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஓய்வுபெற்றுப் போனவரின் கைபேசி எண் பட்டியலில் கிடப்பதும், பொது மின்னஞ்சலின் கடவுச்சொல் ஒரே ஒருவரிடம் இருப்பதும் அடிக்கடி பார்க்கும் குறைகள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதித்தால் போதும்.

தலைநகரம் வழியாக மட்டும் தகவல் போனால் எல்லையில் இருப்பவர்களுக்குத் தாமதமாகும். மீகாங் ஆற்றுப் படுகையின் ஆறு நாடுகள் 1999இல் தொடங்கிய நோய்க் கண்காணிப்பு வலையமைப்பு, எல்லையின் இரு பக்க மாவட்டங்களையும் ஜோடி சேர்த்துவிட்டது. தாய்லாந்தின் முக்தஹானும் லாவோஸின் சவன்னக்கேத்தும் அப்படிப்பட்ட ஜோடி. உங்கள் எல்லையிலும் இதைச் செய்யுங்கள், ஆனால் அமைச்சகங்களின் எழுத்து ஒப்புதலோடு. ஒப்புதல் இல்லாத நட்பு, முதல் பத்திரிகைச் செய்தியோடு முறிந்துவிடும்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் பலரைத் தடுக்கி விழ வைத்தது: தேதியும் நேரமும். எத்தியோப்பிய நாட்காட்டியில் 13 மாதங்கள். ஆண்டும் நம்முடையதைவிட ஏழெட்டுக் குறைவு. கென்யாவிலும் தான்சானியாவிலும் சுவாஹிலியில் மணி சொல்லும்போது சூரிய உதயத்திலிருந்து எண்ணுவார்கள். அவர்களின் ‘ஒரு மணி’ நம் காலை ஏழு. நோயாளிப் பட்டியலில் மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள், நேரத்தை 24 மணிக் கணக்கில் கேளுங்கள். ஊர்ப் பெயர் எல்லையின் இரு பக்கத்திலும் வேறு வேறாக எழுதப்படும் என்பதால் அதற்குப் பட்டியலில் இரண்டு நெடுவரிசை விடுங்கள்.

மாதிரி எல்லை தாண்டும்போது

பெரும்பாலான திட்டங்கள் சிக்கிக்கொள்ளும் இடம் இது. எல்லா நாட்டிலும் எல்லாப் பரிசோதனையும் இருக்காது. உகாண்டாவில் என்டெபே வைரஸ் ஆராய்ச்சி நிறுவனம் போல அண்டை நாட்டில் நல்ல ஆய்வகம் இருந்தால் அங்கே அனுப்புவதே புத்திசாலித்தனம். அதற்கு மூன்று தாள்களை அமைதிக் காலத்திலேயே கையெழுத்தாக்கி வைக்க வேண்டும்: அனுப்பும் நாட்டின் ஏற்றுமதி அனுமதி, பெறும் நாட்டின் இறக்குமதி அனுமதி, மாதிரிப் பரிமாற்ற ஒப்பந்தம். மீதி மாதிரி யாருக்குச் சொந்தம், மரபணு வரிசையை யார் வெளியிடலாம், மிச்சத்தை எப்போது அழிப்பது என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால், பரவல் நடுவில் அதற்காகவே ஒரு வாரம் போகும்.

பொதிக்கு மூன்று அடுக்கு. கசியாத முதல் குப்பி. அதைச் சுற்றி, உள்ளே இருக்கும் திரவம் முழுவதையும் உறிஞ்சும் அளவுக்குப் பஞ்சு. கசியாத இரண்டாவது கலன். வெளியே உறுதியான பெட்டி. முதலாவதோ இரண்டாவதோ 95 கிலோபாஸ்கல் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். எபோலா சந்தேகம் என்றால் ஏ வகை (அதிக ஆபத்தானது), பெட்டியில் எழுத வேண்டிய ஆபத்துப் பொருள் எண் யு.என். 2814, பயணிகள் விமானத்தில் ஒரு பொதிக்கு 50 மில்லிலிட்டர்தான் ஏற்றலாம். டெங்கு நோயாளியின் ரத்தம் போன்றவை ஆபத்து குறைந்த பி வகை, யு.என். 3373, டெங்கு வைரஸை வளர்த்தெடுத்த கலவையாக இருந்தால் அதுவே ஏ வகைக்கு மாறிவிடும். உலர்பனி வைத்தால் அது இரண்டாவது கலனுக்கு வெளியேதான் இருக்க வேண்டும். வாயு வெளியேற வழி இல்லாமல் இறுக ஒட்டினால் பெட்டி வெடிக்கும். பனி கரைந்தபின் கலன் பெட்டிக்குள் உருளாமல் தாங்கு வையுங்கள்.

அனுப்புபவருக்கு ஐயாட்டா (சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம்) விதிகளின்படி பயிற்சிச் சான்று வேண்டும், அது 24 மாதத்தில் காலாவதியாகும். ஒரு நாட்டில் ஒரே ஒருவருக்கு மட்டும் சான்று இருந்து, அவர் விடுப்பில் போன வாரத்தில் நோய் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். குறைந்தது மூவருக்கு எடுத்துக் கொடுங்கள். பிறகு ஆண்டுக்கு இருமுறை, நோய்க்கிருமி எதுவும் இல்லாத வெறும் நீர்க் குப்பியை உரிய தாள்களோடு, ஒத்திகை என்று விமான நிறுவனத்துக்கும் சுங்கத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிட்டு அனுப்பிப் பாருங்கள். எந்த மேசையில் எத்தனை மணி நேரம் நின்றது என்று தெரியும்.

மேசை ஒத்திகை

2019 ஜூனில் கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் கென்யா–தான்சானியா எல்லையில் உள்ள நமங்காவில், கால்நடையிலிருந்து மனிதருக்குப் பரவும் ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சலை வைத்து நாள்கணக்கில் கள ஒத்திகை நடத்தியது. அந்த அளவுக்குப் போகும் முன், களத்துக்குப் போகாமல் அறையில் உட்கார்ந்தே கதையாக நடத்திப் பார்க்கும் மேசை ஒத்திகையை அரை நாள் செய்யுங்கள். செலவும் குறைவு, ஓட்டைகளில் பெரும்பாலானவை அதிலேயே தெரியும்.

நோக்கம் மூன்றுக்கு மேல் வேண்டாம். ஆட்கள் நாட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர்: மாவட்டச் சுகாதார அதிகாரி, கால்நடை மருத்துவர், ஆய்வகத்தார், குடிவரவு, சுங்கம், தொடர்பு மையம், நிதியில் கையெழுத்துப் போடுபவர். கடைசி ஆளை மறந்துவிடுவார்கள். அவர் இல்லாமல் நடத்துவது பந்து இல்லாத ஆட்டம். இரு நாட்டாரையும் தனித்தனி அறையில் உட்கார வையுங்கள். பேச வேண்டுமானால் அவர்கள் நிஜமான தொலைபேசியில், நிஜமான எண்ணில்தான் அழைக்க வேண்டும். ஒரே அறையில் உட்கார்ந்தால் எட்டிக் கேட்டுவிடுவார்கள், சோதிக்க வந்தது சோதிக்கப்படாமலே போகும்.

கதையின் அடுத்த திருப்பத்தை ஒவ்வொன்றிலும் எழுதி எட்டுப் பத்துச் சீட்டுகள் தயாரியுங்கள், 15–20 நிமிடத்துக்கு ஒன்று கொடுங்கள். முதல் சீட்டு சாதாரணமாக இருக்கட்டும்: எல்லைச் சுகாதார நிலையத்தில் காய்ச்சலும் ஈறில் ரத்தமுமாக மூவர், மூவரும் இறைச்சி வெட்டுபவர்கள். அடுத்து ஒருவரின் மனைவி பேருந்தில் எல்லை தாண்டிப் போய்விட்டார். அப்புறம் பொதி சரியில்லை என்று ஆய்வகம் மாதிரியைத் திருப்பி அனுப்புகிறது. வானொலி நிருபர் அழைக்கிறார். அண்டை நாட்டு வர்த்தக அமைச்சகம் கால்நடை வரவை நிறுத்தப் போவதாகச் சொல்கிறது. ஒவ்வொரு சீட்டுக்கும் யார், எத்தனை மணிக்கு, யாரிடம் சொன்னார் என்று குறிக்க ஒவ்வொரு அறையிலும் ஒரு பார்வையாளர் இருக்க வேண்டும்.

இங்கே கெடுவது பெரும்பாலும் மரியாதையால். மிக உயர்ந்த அதிகாரி உட்கார்ந்திருந்தால் கீழே உள்ளவர் “எங்களால் முடியாது” என்று சொல்ல மாட்டார். அவரைத் தொடக்கத்துக்கும் கடைசி ஒரு மணி நேரத்துக்கும் மட்டும் அழையுங்கள். இன்னொன்று, நோய் எந்த நாட்டில் தொடங்குகிறது என்பது கதையில் வந்தாலே முகம் சுளிப்பார்கள். கற்பனை நாட்டுப் பெயர் வைத்தால் நிஜ எண்களைச் சோதிக்க முடியாது. இரண்டு கதைகள் எழுதி, ஒன்றில் இங்கே, மற்றதில் அங்கே தொடங்கினால் பிரச்சினை தீரும்.

ஆட்கள்

நோய்ப் பரவலைக் களத்தில் விசாரிக்கக் கற்றுத்தரும் களத் தொற்றுநோயியல் பயிற்சியில் மூன்று படி உண்டு: மூன்று மாத முன்னணிப் பயிற்சி, ஓராண்டுக்குச் சற்றுக் குறைவான இடைநிலை, இரண்டாண்டு மேல்நிலை. அமெரிக்காவில் 1951இல் தொடங்கிய முறையைத் தாய்லாந்து 1980இல் எடுத்துக்கொண்டது. சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் நடத்துகிறது. இரண்டு லட்சம் மக்களுக்குப் பயிற்சி பெற்ற ஒருவர் என்பது உலக இலக்கு. 2011 கணக்கெடுப்பின் 7.2 கோடியை வைத்துப் பார்த்தால் தமிழ்நாட்டுக்கே சுமார் 360 பேர் வேண்டும்.

பணம் குறைவு என்றால் முன்னணிப் படிக்கே கொடுங்கள், எல்லை மாவட்டங்களுக்கே கொடுங்கள். தேர்வைத் தலைமையகத்திடம் விட்டால் பேட்டாவுக்காகப் பயணம் செய்பவர்களே மறுபடி மறுபடி வருவார்கள். யார் எந்தப் பயிற்சிக்கு வந்தார் என்ற பதிவேடு ஒன்றை எல்லா நாடுகளுக்கும் பொதுவாக வைத்திருங்கள்.

2014 ஜூலை 20 அன்று லைபீரியாவிலிருந்து லாகோஸில் வந்து இறங்கிய ஒரே ஒரு நோயாளியிடமிருந்து நைஜீரியாவில் எபோலா பரவியது. 20 பேருக்கு நோய், 8 மரணம். அக்டோபர் 20இல் அந்த நாடு எபோலாவிலிருந்து விடுபட்டது. நோயாளிகளோடு தொடர்பில் இருந்த கிட்டத்தட்ட 900 பேரைப் பின்தொடர்ந்தவர்களில் பலர் போலியோ ஒழிப்புக்கென ஏற்கெனவே பழகியிருந்த ஆட்கள், போலியோவுக்கு இருந்த அவசரகாலச் செயல்பாட்டு மையத்தின் ஏற்பாடே இங்கும் பயன்பட்டது. ஆகவே எபோலாவுக்கென்று தனி அணி கட்டாதீர்கள். காலராவுக்கும் தட்டம்மைக்கும் இன்று போகும் அணியையே பயன்படுத்துங்கள். வேலை செய்யாத அணி மறந்துபோகும்.

ஒத்திகையோ நிஜப் பரவலோ முடிந்ததும் மூன்று மாதத்துக்குள் ஆய்வுக் கூட்டம் நடத்துங்கள். வெளிவரும் பட்டியலில் பத்து வரிக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு வரியிலும் ஒரு பதவியின் பெயர், ஒரு தேதி, ஒரு தொகை இருக்கட்டும். தொகை பூஜ்யமானாலும் எழுதுங்கள், பணம் தேவைப்படாத அந்த வேலைகளைத்தான் முதலில் முடிக்க முடியும். அடுத்த கூட்டத்துக்கு நாள் குறிக்கலாம், ஆனால் பட்டியலில் பாதி முடிந்த பிறகு.