ஸ்காட்லாந்து மூதாதையரைத் தேட இறப்புப் பதிவே முதல் படி

ஸ்காட்லாந்தில் மூதாதையரைத் தேடுபவர்கள் டிஎன்ஏ பரிசோதனைக்குப் பணம் கட்டும் முன், 1855-க்குப் பிறகு இறந்த மூத்தவர் ஒருவரின் இறப்புப் பதிவை, ஸ்காட்லாந்து அரசின் பதிவேட்டுத் தளமான ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிளில் (ScotlandsPeople) எடுத்துவிடுங்கள். பெண் என்றால் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரிலும் தேடுங்கள். பெயர்ப் பட்டியலைத் தேடுவது இலவசம், பதிவின் படத்துக்கு மட்டும்தான் கட்டணம்.

ஸ்காட்லாந்தில் பிறப்பு, இறப்பு, திருமணங்களைக் கட்டாயமாகப் பதியத் தொடங்கிய 1855 முதலே, இறந்தவரின் தந்தை பெயரோடு தாயின் பிறந்த வீட்டுப் பெயரையும் கேட்டு எழுதினார்கள். 1860-இல் எண்பது வயதில் இறந்தவர் என்றால், 18-ஆம் நூற்றாண்டுப் பெற்றோர் இருவரும் ஒரே தாளில் கிடைத்துவிடுவார்கள். 1855 முதல் 1860 வரையான பதிவுகளில் எங்கே புதைத்தார்கள் என்பதுகூட இருக்கும், அது பெரிய வரம். அப்புறம் டிஎன்ஏ முடிவில் வரும் தூரத்து உறவினர்களின் குடும்ப மரத்தில் அந்தத் தாய்வழிப் பெயரைத் தேடினால், எந்தக் கிளை உங்களுடையது என்று பிரிப்பது எளிது.

தகவல் சொன்னவருக்குப் பெற்றோர் பெயர் தெரியாவிட்டால் அந்த இடம் காலியாகவோ தவறாகவோ இருக்கும். 1855-க்கு முன் இறந்தவர்களுக்கு இந்த வழி உதவாது. பழைய திருச்சபைப் பதிவேடுகளில் அடக்கக் குறிப்புகள் குறைவு. பல ஊர்களில் சவப்பெட்டி மேல் போர்த்தும் துணிக்கு வாங்கிய வாடகைக் கணக்குதான் மிஞ்சியிருக்கிறது.